‘ஒரு பார்மேட் அடிச்சுத் தா மக்கா’ - கம்ப்யூட்டர் பழுதுக்கு உதவப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது என்ன?

"லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்கு. ஒரு பார்மேட் அடிச்சுத் தா மக்கா."

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ‘கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்தவர்’ என்று ஒருமுறை பெயர் எடுத்துவிட்டால் போதும். கல்யாண வீடோ, கோயில் கொடையோ, போகிற இடத்தில் எல்லாம் இந்த வேண்டுகோள் வந்துவிடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே அதிக எழுத்தறிவு (91.75%) கொண்ட மாவட்டம் கன்னியாகுமரி. பிளஸ் 2 படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப், வளைகுடாவில் வேலை பார்க்கும் மாமா கொண்டுவந்தது, கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக அவசரமாக வாங்கியது எனப் பல வீடுகளில் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அது மக்கர் செய்யும்போது சர்வீஸ் சென்டருக்கு முன்பாக நினைவுக்கு வருவது, பக்கத்து வீட்டு அண்ணனோ கூடப் படித்த நண்பரோதான்.

காசு வாங்காமல் செய்யும் இந்த உதவியில் நல்ல மனசுக்குக் குறைவில்லை. ஆனால், ஒரு தவறான கிளிக்கில் பத்து வருட குடும்பப் புகைப்படங்களும், முடியப்போகும் பிஎச்.டி ஆய்வேடும் போய்விடலாம். அப்படி நடந்த பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோவதும் உண்டு. எனவே, உதவப் போகிறவரும் உதவி கேட்பவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை என்ன? விரிவாகப் பார்ப்போம்.

பார்மேட் ஏன் முதல் மருந்தாக இருக்கக் கூடாது?

‘பார்மேட் அடிப்பது’ என்று நாம் சொல்வது, ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் பகுதியை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவது. சில பிரச்சினைகள் இதில் தீரும் என்பது உண்மைதான். ஆனால், நோய் என்னவென்று தெரியாமலேயே செய்யும் ஆபரேஷன் அது.

உதாரணத்துக்கு, ஸ்லோ பிரச்சினையையே எடுத்துக்கொள்வோம். அதற்குக் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கலாம். சி டிரைவ் நிரம்பி வழியலாம். பழைய ஹார்டு டிஸ்க் சாகக் கிடக்கலாம். விசிறியில் தூசி அடைத்து, சூடு தாங்காமல் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்திருக்கலாம். அல்லது வைரஸாக இருக்கலாம். இந்த நான்கில் பார்மேட் உண்மையிலேயே தேவைப்படக்கூடியது கடைசி ஒன்றுக்கு மட்டும்தான். முதல் பிரச்சினைக்கு வேண்டாத ஃபைல்களை நீக்கினாலே போதும். மூன்றாவதற்கு ஒரு பிரஷ் வேண்டும்.

இரண்டாவதுதான் ஆபத்தானது. சாகக் கிடக்கும் டிஸ்க்கை பார்மேட் செய்தால் சில நாட்கள் வேகமாக ஓடுவதுபோலத் தெரியும். பிறகு மறுபடியும் அதே கதை. இடையில் போனது டேட்டா மட்டும்தான்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. ஹார்டு டிஸ்க், எஸ்.எஸ்.டி இரண்டுமே தங்களுடைய உடல்நிலையைத் தாங்களே பதிவு செய்துகொள்ளும். இதற்கு ‘ஸ்மார்ட்’ பதிவு என்று பெயர். ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ போன்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம். பழுதான பகுதிகளுக்குப் பதிலாக மாற்றுப் பகுதிகளை டிஸ்க் எத்தனை முறை பயன்படுத்தியிருக்கிறது என்ற எண் அதில் இருக்கும். அந்த எண் ஏறிக்கொண்டே போனால், முதல் வேலை டேட்டாவைக் காப்பி எடுப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பொறவுதான்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்பாக, உதவப் போகிறவர் நான்கு கேள்விகளைக் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒன்று, ‘கடைசியாக எப்போது நல்லா ஓடிச்சு?’ இரண்டு, ‘அதற்குப் பிறகு என்ன மாறிச்சு?’ புது பிரிண்டர், அப்டேட், கீழே விழுந்தது, கரண்ட் போய் வந்தது என எதுவாகவும் இருக்கலாம். மூன்று, ‘திரையில் என்ன எழுதியிருக்கு? அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு.’ நான்கு, ‘இதுவரை என்னென்ன செய்து பார்த்தீங்க?’

இந்த நான்காவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் உண்மையான பதில் வராது. யூடியூப் பார்த்து எதையோ நோண்டியதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். திட்ட மாட்டேன் என்ற நம்பிக்கையைக் கொடுத்தால்தான் பதில் வரும்.

இந்த விஷயம் உலகம் முழுக்கப் பேசப்பட்டதுதான். ‘புட்டி’ மென்பொருளை எழுதிய சைமன் டாத்தம், பழுதை எப்படித் தெளிவாகச் சொல்வது என்று 1999-ல் ஒரு கட்டுரை எழுதினார். எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் புத்திசாலித்தனமாகக் கேள்வி கேட்பது எப்படி என்று 2001-ல் எழுதியது, இன்றும் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. இரண்டும் சொல்வதன் சாரம் ஒன்றுதான். ‘ஓடவில்லை’ என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது. என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது என்று பிரித்துச் சொன்னால் முடியும்.

"அண்ணா, லேப்டாப் போச்சு, என்ன செய்யலாம்?" என்று மெசேஜ் அனுப்புவதற்கும், "அண்ணா, நேத்து ராத்திரி கரண்ட் போய் வந்ததுக்குப் பொறவு லேப்டாப் ஆன் ஆகுது, ஆனா விண்டோஸ் வரல்ல. கருப்பு ஸ்கிரீன்ல இப்படி எழுதியிருக்கு, போட்டோ பாருங்க. சார்ஜரை மாத்திப் பார்த்தேன், அதேதான்" என்று அனுப்புவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதற்கு போனிலேயே வழி சொல்லிவிடலாம்.

பழுது ஒரு இடத்தில், அறிகுறி வேறு இடத்தில்

கேள்வி கேட்பது ஏன் முக்கியம் என்பதற்கு நல்ல உதாரணம் ஒரு சின்ன பட்டன் பேட்டரி.

"நெட் இருக்கு, சிக்னல் இருக்கு, ஆனா எந்த வெப்சைட்டும் திறக்க மாட்டேங்குது. பாதுகாப்பு இல்லைன்னு சொல்லுது." இப்படி ஒரு புகார் வந்தால் பலர் வைஃபையை நோண்டுவார்கள், பிரவுசரை அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள். திரையின் மூலையில் இருக்கும் தேதியைப் பார்க்க மாட்டார்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டால், பிளக்கைப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். வெப்சைட்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கம்ப்யூட்டரின் தேதி அதற்குள் வராவிட்டால், சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் மறுத்துவிடும்.

அதே பேட்டரி இன்னொரு வேடிக்கையும் காட்டும். பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும்போது, டிஸ்க்கைக் கையாளும் முறையும் மாறிவிடலாம். அப்போது விண்டோஸ் நீலத் திரையில் ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று சொல்லி நின்றுவிடும். டிஸ்க்கும் நன்றாக இருக்கும், விண்டோஸும் நன்றாக இருக்கும். காரணம் தெரியாமல் பார்மேட் செய்தால், பெட்டிக்கடையில் கிடைக்கும் பேட்டரிக்காக மொத்த டேட்டாவையும் பலி கொடுத்ததாக ஆகும்.

குமரி மாவட்டத்துக்கான கூடுதல் கேள்வி: இடி வெட்டிச்சா?

இங்கு தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. சித்திரை, வைகாசியில் கோடை மழையோடும், ஐப்பசி, கார்த்திகையில் பருவமழையோடும் சாயங்கால நேரத்து இடி, மின்னல் சேர்ந்து வரும். ஒருபக்கம் மலை, மறுபக்கம் கடல். கம்ப்யூட்டர் பழுதில் இதற்கும் பங்கு இருக்கிறது.

மின்னல் பக்கத்தில் எங்காவது விழுந்தாலே கம்பிகளில் மின்அழுத்தம் ஒரு நொடிக்குள் எகிறும். அது மின்சார வயர் வழியாக மட்டும் வராது. கேபிள் டிவி வயர், மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் இழுத்த லேன் கேபிள் வழியாகவும் வரும். ‘பவர் பிளக்கைப் பிடுங்கித்தானே வெச்சிருந்தேன், எப்படிப் போச்சு?’ என்ற கேள்விக்குப் பல நேரம் பதில், பிடுங்காமல் விட்ட லேன் கேபிள்தான். இப்போது வரும் ஃபைபர் இணைப்பில் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால், அந்த இழை வந்து சேரும் மோடத்துக்கு ஒரு அடாப்டர் உண்டு. அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு வருவது செம்புக் கம்பிதான்.

கடையில் விற்கும் ஸ்பைக் கார்டு சிறு ஏற்ற இறக்கங்களைத் தாங்கும். அருகில் விழும் மின்னலைத் தாங்காது. அதுவும் வேலை செய்ய வீட்டில் எர்த் இணைப்பு ஒழுங்காக இருக்க வேண்டும். லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் ‘சுர்ர்’ என்று லேசாக அடிக்கிறது என்றால், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்வது நல்லது.

அடுத்தது உப்பு. முட்டம், குளச்சல், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் ஜன்னல் கம்பியையே தின்றுவிடும் காற்று, கம்ப்யூட்டருக்குள் மட்டும் சும்மா இருக்காது. ரேம் பொருந்தும் இடம், கனெக்டர்கள் எல்லாம் மெதுவாகக் கறுக்கும். ‘ஆன் ஆகுது, பீப் சத்தம் வருது, திரையில் ஒண்ணும் இல்ல’ என்றால் இங்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேமைத்தான். பவரை முழுமையாக எடுத்துவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மறுபடி அழுத்தமாகப் பொருத்தினாலே பல கம்ப்யூட்டர்கள் உயிர்பெற்றுவிடும். பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் தேய்க்கும் பழக்கமும் நம்மூரில் உண்டு. ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல் பார்த்துக்கொண்டால் சரி.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் தாக்கியபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, மாவட்டத்தின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதில் ஒரு பாடம் இருக்கிறது. பேக்கப் எடுத்த டிஸ்க்கை அதே மேஜையில், அதே கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்திருப்பது பேக்கப் ஆகாது. ஒரு பிரதியாவது வேறு வீட்டிலோ கிளவுடிலோ இருக்க வேண்டும். மின்சாரம் திரும்பி வந்த உடனேயே கம்ப்யூட்டரை ஆன் செய்யாமல், வோல்டேஜ் நிலைக்கும் வரை பிளக்கைப் பிடுங்கி வைப்பதும் நல்லது.

48 இலக்கப் பூட்டு

பழைய கம்ப்யூட்டர்களில் ஒரு வசதி இருந்தது. விண்டோஸ் கெட்டுப்போனாலும், டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டு ஃபைல்களை எடுத்துவிடலாம். லினக்ஸ் இருக்கும் பென் டிரைவில் இருந்து ஓடவிட்டும் எடுக்கலாம். உதவும் நண்பர்களின் கையில் இருந்த பெரிய ஆயுதம் இது.

புதிய லேப்டாப்களில் இது அப்படியே செல்லாது. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், வசதி உள்ள கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே மறையாக்கம் செய்யப்படும். ‘பிட்லாக்கர்’ தொழில்நுட்பம்தான் இது. லேப்டாப் திருடு போனால் டேட்டா பத்திரமாக இருக்கும் என்பது நல்ல விஷயம். ஆனால், மதர்போர்டை மாற்றினாலோ, பயாஸில் சில அமைப்புகளை மாற்றினாலோ, அடுத்த முறை ஆன் செய்யும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். எண் இல்லையென்றால் டேட்டா இல்லை. எந்த சர்வீஸ் சென்டராலும் திறக்க முடியாது.

அந்த எண் பெரும்பாலும் லேப்டாப்பில் முதலில் நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. லேப்டாப் வாங்கும்போது கடைக்காரர் ஏதோ ஒரு மெயில் ஐடியைப் போட்டுக் கொடுத்திருப்பார். வீட்டில் யாருக்கும் அது நினைவிருக்காது. எனவே, நண்பரின் லேப்டாப்பில் பயாஸுக்குள் கை வைக்கும் முன்பாக, செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பார்த்து, மீட்பு எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வைக்கச் சொல்வது கட்டாயம். லேப்டாப் நன்றாக இருக்கும்போதே இதைச் செய்து வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

அலமாரியில் தூங்கும் இலவச லேப்டாப்பை என்ன செய்வது?

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் உள்ளிட்டோருக்கு, எல்காட் நிறுவனம் வழியாகக் கொள்முதல் செய்து லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். அதில் பல, இன்று பேட்டரி செத்து அலமாரியில் கிடக்கின்றன. 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அரசு அறிவித்தது. புதியது வரும் வீட்டில் பழையதை என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. தனிப்பட்ட பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் நீட்டிப்புத் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்தால் கட்டணம் இல்லை. இல்லையென்றால் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகளோ 30 டாலரோ தர வேண்டும். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டி.பி.எம் 2.0 சிப், குறைந்தது 4 ஜிபி ரேம், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸர் எனப் பட்டியல் நீள்கிறது. இலவச லேப்டாப் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்தவை இதில் தேறாது.

இங்குதான் லினக்ஸ் வருகிறது. தமிழக அரசுக்கு இது புதிதும் அல்ல. சி.உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் எல்காட் தன் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. சி-டாக் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸ்’ 2007-ல் வெளியானது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி ஆதரவு முடிந்தபோது, அதற்கு மாற்றாக பாஸ் லினக்ஸைப் பயன்படுத்தும்படி அரசுத் துறைகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. இலவச லேப்டாப்கள் பலவற்றிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை.

பழைய லேப்டாப்புக்கு உயிர்கொடுக்க நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி பொருத்துவது. வேகத்தில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இதில்தான் வரும். அடுத்து, ‘லினக்ஸ் மின்ட்’டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, ‘லுபுண்டு’ போன்ற இலகுவான ஒன்றை பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓடவிட்டுப் பார்க்கலாம். வைஃபை எடுக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று அரை மணி நேரம் சோதித்துவிட்டு, சரியாக இருந்தால் மட்டும் நிறுவலாம்.

ஆனால், எல்லோருக்கும் லினக்ஸைத் தலையில் கட்டுவதும் உதவி ஆகாது. அந்த வீட்டில் டேலி பார்க்கிறார்களா, ஃபோட்டோஷாப் வேண்டுமா, பிரிண்டர் என்ன மாடல் என்று கேட்க வேண்டும். பாட்டு, படிப்பு, பிரவுசர், தமிழ் டைப்பிங் போதும் என்கிற பிளஸ் 1 மாணவிக்குத் தாராளமாகப் போதும். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவருக்குப் போதாமல் போகலாம்.

ஃபான்ட் போனால் தமிழும் போகும்

தமிழில் டைப் செய்பவர்களுக்கு உதவும்போது மட்டும் வரும் ஒரு ஆபத்து உண்டு. பத்திரிகை அடிக்கும் டிடிபி சென்டர், பழைய நாவலை டைப் செய்து வைத்திருக்கும் எழுத்தாளர், கோயில் கமிட்டி செயலாளர் என்று பலருடைய பழைய கோப்புகள் யூனிகோடில் இருக்காது. 1999-ல் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் என்ற குறியாக்கங்களையும் தரப்படுத்தியது. 2010-ல்தான் யூனிகோடும் டேஸ்16-ம் அரசின் தரமாயின. அதற்கு முன்பும் பின்பும், ஒவ்வொரு ஃபான்ட்டும் தனக்கென ஒரு எழுத்து வரிசையை வைத்திருந்தது.

அப்படிப்பட்ட கோப்பை, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பைபோலத் தெரியும். ‘டாக்குமென்ட்ஸ், போட்டோஸ் எல்லாம் காப்பி எடுத்தாச்சு’ என்று பார்மேட் செய்துவிட்டு, ஃபான்ட்ஸ் ஃபோல்டரை விட்டுவிட்டால் கோப்பு இருந்தும் படிக்க முடியாது. எந்த ஃபான்ட் என்பதே மறந்துவிட்டால் யூனிகோடுக்கு மாற்றுவதும் சிரமம். ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துக் காப்பி எடுக்க ஆகும் நேரம் ஒரு நிமிஷம்தான்.

‘கிராக்’ போட்டுத் தரலாமா?

‘விண்டோஸ் ஆக்டிவேட் பண்ணித் தா’ என்ற வேண்டுகோளும் கூடவே வரும். ஆக்டிவேட்டர் என்ற பெயரில் இணையத்தில் கிடைப்பவற்றை ஓடவிட, முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். கதவைத் திறந்துவைத்துவிட்டுத் திருடனைக் காவலுக்கு வைப்பதுபோலத்தான். உள்ளே என்ன இருக்கிறது என்பது உதவுபவருக்கும் தெரியாது.

சட்டமும் இருக்கிறது. காப்புரிமைச் சட்டம் 1957-ன் 63பி பிரிவின்படி, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துவது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நட்புக்காகச் செய்தேன் என்பது இதில் விலக்காகாது. வந்த லேப்டாப்பிலேயே ஒரிஜினல் விண்டோஸ் உரிமம் இருந்தால், அதே பதிப்பை மறுபடி நிறுவும்போது பெரும்பாலும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். ‘கிராக்’ தேவையே இருக்காது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது, பெர்சனல் கம்ப்யூட்டரோடு கூடவே பிறந்த பழக்கம். 1975 மார்ச் 5 அன்று அமெரிக்காவின் மென்லோ பார்க்கில், கார்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் கார் ஷெட்டில் ‘ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்’ முதல்முறையாகக் கூடியது. ஆளுக்கொரு பழுதையும் ஆளுக்கொரு யோசனையையும் கொண்டுவந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக், பிறகு தான் உருவாக்கிய ஆப்பிள்-1 கம்ப்யூட்டரை அங்குதான் நண்பர்களுக்குக் காட்டினார்.

தமிழகத்தில் 1998-ல் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழு இந்தப் பழக்கத்தைத் தொடர்ந்தது. காஞ்சிபுரம், விழுப்புரம் என வெளியூர்களிலும் குழுக்கள் உருவாயின. 2012-ல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ், ஆங்கிலத்தில் மட்டுமே கிடைத்த விஷயங்களைத் தமிழில் எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று கொடுத்தது. நெதர்லாந்தில் மார்டின் போஸ்ட்மா 2009-ல் தொடங்கிய ‘ரிப்பேர் கஃபே’, 2015-ல் பெங்களூருவுக்கும் வந்தது. பழுதான பொருளை ‘சரி பண்ணிக் கொடு’ என்று விட்டுவிட்டுப் போகாமல், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சரிசெய்வதுதான் அங்கு முறை.

நண்பருக்கு உதவும்போதும் இதைப் பின்பற்றலாம். லேப்டாப்பை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து கொடுத்தால், அடுத்த மாதம் அதே பழுதுக்கு மறுபடி போன் வரும். பக்கத்தில் உட்காரவைத்து, அவருடைய கையாலேயே செய்ய வைத்தால் நேரம் அதிகமாகும். ஆனால், அடுத்த முறை அவரே பார்த்துக்கொள்வார். அவர் இன்னொருவருக்குச் சொல்லியும் கொடுப்பார்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. லேப்டாப்புக்குள் ஒருவருடைய புகைப்படங்கள், பேங்க் விவரங்கள், தனிப்பட்ட உரையாடல்கள் எல்லாம் இருக்கின்றன. வெளியாளிடம் கொடுக்கப் பயந்தே பழுதான லேப்டாப்பை அப்படியே வைத்திருக்கும் பெண்கள் உண்டு. உரிமையாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது, பாஸ்வேர்டைக் கேட்காமல் அவரையே டைப் செய்யச் சொல்வது, தேவையில்லாத ஃபோல்டரைத் திறக்காமல் இருப்பது, பாதுகாப்புக்காக நம் டிஸ்க்கில் எடுத்த காப்பியை வேலை முடிந்ததும் அவர் கண் முன்னால் அழிப்பது ஆகியவை உதவுபவரின் மரியாதை.

எங்கே கையெடுத்துவிட வேண்டும்?

எல்லாவற்றையும் நாமே சரிசெய்துவிட முடியாது. சில இடங்களில் நிறுத்தத் தெரிவதும் உதவிதான்.

பேட்டரி உப்பி, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றால், சார்ஜ் போடவோ குத்தவோ அழுத்தவோ கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். குப்பையிலும் போடக் கூடாது. மின்கழிவு, பேட்டரிக் கழிவு சேகரிக்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

ஹார்டு டிஸ்க்கில் இருந்து ‘டக்... டக்...’ என்று சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்ய வேண்டும். ஓடவிடும் ஒவ்வொரு நிமிஷமும் மீட்கக்கூடிய டேட்டா குறைந்துகொண்டே போகும். டேட்டா முக்கியம் என்றால் அதற்கென இருக்கும் மீட்பு நிபுணர்களிடம்தான் போக வேண்டும். டெஸ்க்டாப்பின் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியைத் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். சாயா கொட்டிய லேப்டாப்பை உடனே அணைத்து, முடிந்தால் பேட்டரியையும் கழற்றி, சர்வீஸ் செய்பவரிடம் கொடுக்க வேண்டும். ஹேர் டிரையரில் காயவைத்து ஆன் செய்து பார்ப்பது, இருக்கும் வாய்ப்பையும் கெடுத்துவிடும்.

வாரண்டி இருக்கும் லேப்டாப்பைக் கழற்றும் முன்பு அதன் விதிகளைப் படித்துக்கொள்வது நல்லது. எந்தெந்தப் பொருளுக்கு எங்கே சர்வீஸ், உதிரிபாகம் கிடைக்கும் என்ற விவரங்களுக்காக மத்திய அரசு 2022 டிசம்பர் 24 அன்று ‘ரைட் டு ரிப்பேர்’ இணையதளத்தைத் தொடங்கியது. உங்கள் பிராண்ட் அதில் இருக்கிறதா என்று பார்க்கலாம். ‘மைக்ரோசாஃப்டில் இருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது’ என்று தானாக வரும் போன் அழைப்புகள் மோசடி. அதை நம்பி ‘எனிடெஸ்க்’ போன்ற செயலியை நிறுவிப் பணத்தை இழந்திருந்தால், உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குப் பேச வேண்டும்.

கிளம்பும் முன்...

வேலை முடிந்தது, லேப்டாப் ஓடுகிறது, சாயாவும் வந்துவிட்டது. அதோடு எழுந்து போய்விடாமல், ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு வரி எழுதி வைத்துவிட்டு வரலாம். என்ன பழுது, என்ன மாற்றினோம், பேக்கப் எங்கே இருக்கிறது, மீட்பு எண் எந்தக் கணக்கில் இருக்கிறது. தேதியும் போட்டு, லேப்டாப் பையிலேயே வைத்துவிட்டால் போதும். அடுத்த முறை பழுது பார்க்க வருபவர் வேறு ஆளாக இருந்தாலும், முதல் கேள்விக்கான பதில் அந்தக் காகிதத்திலேயே இருக்கும்.